217ஆம் இலக்க வீட்டில் இரண்டு பேர்

கிட்டங்கி வீதியை அகலமாக்கப் போகிறார்கள் என்ற கதை கொட்டாஞ்சேனையில் இருபது வருஷமாக ஓடுகிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவன் வந்து சுவர்களில் சிவப்புப் பெயின்றால் அம்புக்குறி போட்டுவிட்டுப் போவான். மழை வந்து அதைக் கழுவிவிட்டுப் போகும். ஆகவே இரண்டாயிரத்து இருபத்திரண்டு தை மாதத்தில் ஜீவராணி படிவக்கட்டோடு வாசல் வாசலாக ஏறி இறங்கியபோது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "இதுவும் எலெக்ஷன் வேலைதானே மிஸ்?" என்று சலூன்காரர் ஒருவர் முகத்துக்கு நேரேயே கேட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை கதை வேறு. வெளிநாட்டு வங்கி ஒன்று கடன் கொடுக்கச் சம்மதித்திருந்தது, வங்கிக்காரன் போட்ட நிபந்தனையும் கறாரானது. வீதிக்காக வீடு இழக்கிறவன் யாராயிருந்தாலும் அவனுக்கு ஒரு வழி செய்துவிட்டுத்தான் டெண்டரை ஒரு கம்பனிக்குக் கொடுக்கலாம். சொந்தக்காரனுக்கு நட்டஈடு. கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாத வாடகைக்காரனுக்குத் தொடர்மாடியில் ஒரு வீடு. யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கணக்கெடுப்புத்தான் சாட்சி. கணக்கெடுப்பு முடிகிற நாளோடு பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். பிறகு வந்து "நானும் இருந்தேன்" என்று தலைகீழாக நின்றாலும் நடக்காது.

ஜீவராணிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. திட்டமிடல் பிரிவில் பத்தொன்பது வருஷ சேவை. தமிழில் எழுதி வாங்கி, சிங்களத்தில் பெயர்த்து, ஆங்கிலத்தில் அட்டவணை போடத் தெரிந்தவள் அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான். அப்படிப்பட்ட கெட்டிக்காரிதான் 217ஆம் இலக்க வீட்டில் போய் அந்த வேலையைச் செய்துவிட்டு வந்தாள்.

217 பழைய மாடிவீடு. கதவைச் சங்கிலி போட்டபடி அரைவாசி திறந்தவள் யோகேஸ்வரி, வீட்டுக்காரி, அறுபதைத் தாண்டியவள்.

"வீட்டில எத்தினை பேர், அக்கா?"

"நானும் அவரும் மட்டும்தான், பிள்ளை. வேறை ஒருத்தரும் இல்லை."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மேல் மாடியில் பிறஷர் குக்கர் விசிலடித்தது. பக்கத்து மரப்படிக்கட்டில் ஐந்து சோடிச் செருப்பு வரிசையாக இருந்தது. ஆறாவதாக, வெள்ளைப் பூச்சுப் பூசி வெயிலில் காயவைத்த பள்ளிக்கூடச் சப்பாத்து. ஜீவராணி செருப்பைப் பார்த்தாள். யோகேஸ்வரி, அவள் செருப்பைப் பார்த்ததைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்போது வந்த வெளிறல் இருக்கிறதே, அதை ஜீவராணிக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய அம்மாவின் முகத்தில் அதை அம்மா சாகும்வரை பார்த்திருக்கிறாள்.

ஜீவராணியின் வீடு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில். சண்டைக் காலத்தில் கொழும்பில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு படிவம் இருந்தது. வீட்டில் யார் யார், எந்த ஊர், எதற்கு வந்தார்கள், எத்தனை நாள் நிற்பார்கள், எல்லாம் எழுதிப் பொலிசில் கொடுக்கவேண்டும். மற்ற வீட்டுக்காரர் இரண்டு பேரை எழுதிவிட்டு நான்கு பேரை வைத்திருந்தார்கள். ஜீவராணியின் அம்மா பொய் சொல்லத் தெரியாத மனுஷி. முத்து முத்தான எழுத்தில் எல்லாரையும் எழுதினாள். வெளிநாடு போவதற்காக வந்து பின்னறையில் தங்கியிருந்த தன் தமக்கை மகன் பிரதீஸையும் எழுதினாள். ஒரு பின்னேரம் வான் வண்டியில் வந்தவர்கள் யாரென்று இன்றுவரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நின்று அவர்கள் தேடவில்லை, விசாரிக்கவில்லை. "பின்னறை, பிரதீஸ்" என்று நேராகவே கேட்டார்கள். போனவன் போனவன்தான். அடுத்த வீட்டில் எழுதாமல் ஒளித்து வைத்திருந்த இரண்டு பெடியங்களும் இப்போது பாரிசில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறார்கள். "எழுதினது நான், என்ரை கையாலை எழுதினது நான்" என்று சொல்லிச் சொல்லியே அம்மா செத்தாள்.

அந்த அம்மாவின் மகள், சங்கிலி போட்ட கதவுக்கு வெளியே பேனையோடு நின்றாள். வீட்டில் இருப்போர் தொகை என்ற கட்டத்தில் 2 என்று எழுதினாள். எழுதிவிட்டு யோகேஸ்வரியை நிமிர்ந்து பார்த்து, "சரி அக்கா, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றாள். யோகேஸ்வரி சங்கிலியைக் கழற்றி, உள்ளே கூப்பிட்டு, பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு ஜீவராணி அதைக் குடித்தாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். பூனை பரவாயில்லை, தன்னோடு நிறுத்திக்கொள்ளும். இவள் அடுத்தவன் வீட்டு அடுப்பையும் அணைத்துவிட்டு வந்தாள்.

அந்த வருஷமே நாடு வங்குரோத்தாகிப் போனது. பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் தெருவில் கிடந்தது, கடன் கொடுத்தவன் கையை இழுத்துக்கொண்டான், கிட்டங்கி வீதி ஃபைல் அலுமாரிக்குள் போனது. ஜீவராணி அந்த 2ஐ மறந்தே போனாள். மூன்று வருஷம் கழித்துக் கடன் மறுபடி திறந்தது. அலுமாரியும் திறந்தது. பட்டியல் மட்டும் திறக்கவில்லை. அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு மாசி பதினெட்டோடு பூட்டினது பூட்டினதுதான்.

இந்த வருஷம் ஆவணியில் ஒருநாள், அலுவலகத்தின் தமிழ்க் கருமபீடத்துக்கு ராமையா வந்தான். பேலியகொடை மீன் சந்தையில் லொறியிலிருந்து பெட்டி இறக்குகிறவன். வேலை முடிந்து குளித்து, சட்டை மாற்றி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தான். அப்படியும் மீன் வாடை போகாதென்று தெரிந்து, கருமபீடத்திலிருந்து இரண்டடி தள்ளியே நின்றான்.

"எங்க பேரு லிஸ்டுல இல்லைன்னு கிராமசேவகர் ஐயா சொல்றாருங்க மிஸ். ஒம்போது வருசமா அந்த வூட்டுலதான் இருக்கோம். நானு, சம்சாரம், மூணு பொம்பளப் புள்ளைங்க. பெரியவ ஏ.எல். பரீச்ச எடுக்கிறா. அடுத்த மாசம் வூட்ட ஒடைக்கிறாங்களாமே."

"வீட்டு நம்பர் என்ன?"

"எரநூத்திப் பதினேழுங்க."

ஜீவராணி பக்கத்தில் இருந்த ஃபைலைத் தேவையில்லாமல் திறந்து மூடினாள். வாக்காளர் பதிவு இருக்கிறதா என்று கேட்டாள். பதிவு மஸ்கெலியாத் தோட்டத்தில் இருக்கிறது. வாடகைத் துண்டு? கையில் கொடுத்துக் கையில் வாங்குவதுதான், துண்டு ஏது! வீட்டுக்காரி? புருஷன் செத்தபிறகு மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டாள். ஜீவராணி அன்றைக்கே நம்பர் தேடி அவளோடும் பேசிப் பார்த்தாள். "அது முடிஞ்ச கதை, பிள்ளை. என்ரை பேரை இதுக்குள்ளை இழுக்காதையும்" என்று சொல்லி யோகேஸ்வரி ஃபோனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் ராமையா மறுபடி வந்தபோது ஜீவராணி கருமபீடத்துக்கு வெளியே வந்து, அவனை மாமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"அந்தப் படிவத்தை எழுதினது நான்தான், ராமையா. மேலை ஆக்கள் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் எழுதாமல் விட்டனான்."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவனோ, "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க மிஸ். அப்ப எங்க பேரு எழுதாட்டித்தான் எங்களுக்கும் தூக்கம்" என்றான். அது அவளுக்குக் கன்னத்தில் அறைந்ததைவிட வலித்தது.

ரொஷான் கொள்வனவுப் பிரிவின் பொறியியலாளர். அவளைவிடப் பத்து வயது இளையவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருடைய மேசையில் நான்கு கம்பனிகளின் டெண்டர்கள் தடித்தடிப் புத்தகமாக அடுக்கியிருந்தன. அவர்கள் சொன்ன விலை அந்த மாதம் முப்பதாம் திகதியோடு காலாவதி. அதற்கிடையில் வீதியோரக் காணி எல்லாம் தீர்ந்தது, தொந்தரவுக்கு ஆளில்லை என்று வங்கிக்குச் சான்று போகவேண்டும். போகாவிட்டால் மறுபடி டெண்டர், மறுபடி ஒரு வருஷம், கடனும் கைநழுவும். மனுஷனுக்கு மூன்று மாதமாகச் சரியான நித்திரை இல்லை.

ஜீவராணி அவருடைய அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். சிங்களத்தில்தான் சொன்னாள்.

"எத்தனை வீடு?" என்றார் அவர்.

"ஒன்று, சேர். ஒன்றுதான்."

"சல்லி வாங்கினீங்களா?" அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஐயோ இல்லை, சேர்!"

"அப்ப ஏன்?"

ஏன் என்று அவள் சொல்லப் பார்த்தாள். அம்மா, படிவம், பிரதீஸ், பின்னறை. இருபது வருஷம் சரளமாகப் பேசிய சிங்களம் அன்றைக்குக் காலை வாரிவிட்டது. அவள் திக்கித் திணறி முடித்தபோது ரொஷான் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஜீவா மிஸ், சல்லி வாங்கியிருந்தா எனக்கு விளங்கியிருக்கும். பேங்க்குக்கும் விளங்கப்படுத்தலாம். இதை நான் எப்படி எழுதுறது?"

கடைசியில் ஒரு வழி சொன்னார். தெரிந்தே பிழையாக எழுதினேன் என்று அவள் கைப்பட ஒரு கடிதம் தரவேண்டும். அதை வைத்து அந்த ஒரு வீட்டை ஒரேயொரு தரம் மீளப் பார்க்கலாம். அவள் போகக்கூடாது, அதே அலுவலகத்து ஸவாஹிர் போவார். வீட்டில் இருக்கிற வளர்ந்தவர் ஒருவர் தன் வாயால் சொல்லிக் கையெழுத்து வைக்கவேண்டும். அது டெப் என்கிற கைக்கணினியில் ஏறி நேரே வங்கிக்குப் போகும். அதோடு சரி. பிறகு கடிதத்தின்மேல் விசாரணை வரும், வேலை போகலாம், பென்ஷனும் போகலாம். "யோசித்துச் சொல்லுங்க" என்றார்.

அவள் யோசிக்கவில்லை. அந்த மேசையிலேயே இருந்து எழுதிக் கொடுத்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன! மீளப் பார்க்கிற நாள் வியாழக்கிழமை என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். மேல்மாடியில் ஒரே அறை, நடுவில் சேலைத் திரை. பெரியவள் யன்னலோரம் புத்தகத்தோடு இருந்தாள், மற்ற இரண்டும் ஒரே பாயில் படுத்துக் கொப்பி எழுதின. ராமையாவின் மனைவி சீனியம்மா, வீட்டில் இருந்த ஒரேயொரு நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். நாற்பது வயது இருக்கும், ஒட்டி உலர்ந்த தேகம், சிரித்த முகம்.

"வியாழக்கிழமை ஸவாஹிர் எண்டு ஒருத்தர் வருவார். வெள்ளைத் தாடி, நல்ல மனுசன். எத்தினை பேர், எத்தினை வருசமா இருக்கிறியள் எண்டு கேப்பார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

சீனியம்மா தலையாட்டினாள். பிறகு மெதுவாக, "பொலிசு வருமாங்க?" என்று கேட்டாள்.

"சே சே! பொலிசுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பயப்பிடாதேங்கோ."

"இல்லீங்க, கேட்டேன். கொமரியா இருக்கையில வூட்டு வேலைக்குன்னு வந்தேனுங்க. இந்தப் பக்கம்தான் ஒரு லொட்ஜுல ரெண்டு நாளு நின்னேன். வந்து புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. கொழும்புல என்னா வேலைன்னு கேட்டாங்க. வேலைக்குத்தான் வந்தேன்னேன். அதையே பதினோரு நாளு கேட்டாங்கம்மா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அதுலருந்து அந்தக் காக்கி நெறத்துல துணிகூட எடுக்கமாட்டேன்."

"நீ சும்மா இரு" என்றான் ராமையா. "மிஸ் இருக்காங்கல்ல."

மிஸ் இருக்கிறாள்! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஜீவராணி மூன்று நாளில் முதல் தடவையாக வயிறாறச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை என்ன நடந்ததென்றால், வீதியின் மற்ற முனையில் வேலி போடப்போன வாகனத்துக்கு யாரோ கல்லெறிந்து கண்ணாடி உடைந்தது. பொலிஸ் இல்லாமல் எந்த உத்தியோகத்தரும் அந்த வீதிக்குப் போகக்கூடாது என்று அன்றிரவே உத்தரவு வந்துவிட்டது. அதே நேரம் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குப் பதிலாகப் புதன் காலையே அனுப்பச் சொல்லி வங்கியிலிருந்து ஈமெயில். ரொஷான் இரண்டையும் சேர்த்து ஒரு முடிவு எடுத்தார். ஜீவராணியிடம் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. விசாரணைக்குள் இருக்கிற ஆளிடம் எதைச் சொல்வது!

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவள் ஹெவ்லொக் டவுனில் இருக்கிற அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, முன்மேசையில் இருக்கிற நளீபா சொன்னாள்: "ஸவாஹிர் நானா வெள்ளெனவே கொட்டாஞ்சேனைக்குப் போயிட்டாரே. பொலிஸ் ஜீப்பும் போயீக்கி."

ஜீவராணி கைப்பையை மேசையில் வைக்கவுமில்லை. அப்படியே திரும்பி ஓடிவந்து முச்சக்கரவண்டியில் ஏறினாள். ராமையாவுக்கு அடித்தாள். மணி போகிறது, எடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு இருப்பது அந்த ஒரு ஃபோன்தான், அதுவும் இப்போது பேலியகொடையில் கழற்றிப் போட்ட சட்டைப் பையில் கிடக்கும். ஸவாஹிருக்கு அடித்தாள், மோட்டார் சைக்கிளில் போகிற மனுஷன் எங்கே எடுப்பார். மருதானையில் வந்து வண்டி சிக்கிக்கொண்டது. முன்னே பஸ், பின்னே பஸ், பக்கத்தில் கொள்கலன் லொறி.

"தம்பி, வேற வழியால போகேலாதா?" என்று சிங்களத்தில் கெஞ்சினாள்.

"எங்கே போறது, அக்கே? ரோட்டை அகலமாக்கினாத்தான் போகலாம்" என்றான் சாரதி.

217இன் முன்னால் ஜீப் நின்றது. மரப்படிக்கட்டின் அடியில் ஒரு கொன்ஸ்டபிள், வாசலில் இன்னொருவன். அவனுக்கு மிஞ்சிப்போனால் இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு முறைப்பும் இல்லாமல் மேலே பறக்கிற காகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸவாஹிர் டெப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேர்த்து வழிந்தபடி நின்றார்.

"அக்கா, நீங்க வரேலாதே! சேர் அறிஞ்சாரெண்டா..."

"சொல்லிட்டாவா?"

"இல்லண்டு செல்றா. தங்கச்சியப் பாக்க வந்தயாம், பின்னேரம் மஸ்கெலியாக்குப் போறயாம். ரெண்டு தரம் கேட்டுட்டேன். எனக்கும் கண்ணு ஈக்கி, மேல அஞ்சாறு பேர்ட உடுப்புக் காயிது. ஆனா அவட வாயால செல்லணுமே!"

படிக்கட்டில் ஒரு செருப்புக்கூட இல்லை. ஜீப் வந்து நின்ற சத்தத்தில் சீனியம்மா ஓடிவந்து எல்லாவற்றையும் வாரி உள்ளே கொண்டுபோயிருக்கிறாள். தானும் வெறுங்காலோடுதான் மேல்படியில் நின்றாள். கை இரண்டையும் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"ஜீப்பைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்கோ, ஸவாஹிர்" என்றாள் ஜீவராணி.

"செல்லிப் பாத்தேன் அக்கா. சாட்சிக் கையெழுத்து அவங்கதான் வைக்கணுமாம். போகமாட்டாங்க."

ஜீவராணி படியில் பாதி ஏறினாள்.

"சீனியம்மா, நான்தான் வந்திருக்கிறன். இவர்தான் ஸவாஹிர், நான் சொன்ன ஆள். உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் இஞ்சைதானே இருக்கிறியள்? ஒம்பது வருசமா இருக்கிறியள்தானே? சொல்லுங்கோ, ஒண்டும் நடக்காது."

சீனியம்மா அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற காக்கியைப் பார்த்தாள். திரும்ப அவளைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் இருந்தது, பயத்துக்குள்ளே வேறொன்றும் இருந்தது. பரிதாபம் மாதிரி ஒன்று. ஜீவராணிக்கு அது அந்த நேரம் விளங்கவில்லை.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றாள் சீனியம்மா, தெளிவான குரலில். "நான் இந்த வூட்டு ஆளு இல்லீங்க. இங்க யாரும் இல்லீங்க."

கீழே ஸவாஹிர் பெருமூச்சு விட்டது கேட்டது. அவர் மேலே வந்து டெப்பை நீட்டினார். சீனியம்மா விரலால் கோணல்மாணலாகக் கையெழுத்து வைத்தாள். காகம் பார்த்துக்கொண்டிருந்த கொன்ஸ்டபிளும் வந்து வைத்தான். ஸவாஹிரின் விரல் திரைக்கு மேலே கொஞ்சநேரம் நின்றது. "அக்கா, நான் என்ன செய்ய?" என்றார். அவருக்கும் நான்கு பிள்ளைகள், அவருக்கும் ஒரு பென்ஷன். விரல் இறங்கியது. அது வங்கிக்குப் போய்விட்டது.

அவள் ரொஷானுக்கு அடித்தாள். பொலிசைக் கண்டு பயந்து பொய் சொல்லிவிட்டாள் சேர், இன்னொரு தரம், பொலிஸ் இல்லாமல், ஒரேயொரு தரம் சேர் என்று கெஞ்சினாள். கெஞ்சும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"மிஸ், நல்லாக் கேளுங்க" என்றார் ரொஷான். குரலில் கோபமில்லை, களைப்புத்தான். "முதல்ல இல்லைன்னு எழுதினது நீங்க. பிறகு இருக்கிறாங்கன்னு சொன்னதும் நீங்க. இப்ப அந்த மனுஷியே இல்லைன்னு கையெழுத்து வச்சிட்டா, நீங்க மறுபடி இருக்கிறாங்கன்னு சொல்றீங்க. நான் பேங்க்குக்கு யாருடைய வாயை அனுப்புறது? இல்லைன்னா இல்லை. உங்க பழைய படிவம் சரியாப் போச்சு. உங்க கடிதத்தைக் கிழிச்சுப் போடுறேன். நல்லதாப் போச்சுன்னு நினைச்சுக்கொண்டு வேலைக்கு வாங்க."

இப்படித்தான் ஜீவராணியின் வேலை தப்பியது, பென்ஷனும் தப்பியது. இருபத்திரண்டு வருஷ சேவையில் ஒரு பிழையும் இல்லாத உத்தியோகத்தர் என்று அவளுடைய ஃபைல் இனிமேலும் சொல்லும். அட, தூ!

ஜீப் புறப்பட்டது. ஸவாஹிர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு அதன் பின்னால் போனார். வீதித் திருப்பத்தில் காக்கி மறையும்வரைக்கும் சீனியம்மா அசையவில்லை. மறைந்ததும் படியால் குடுகுடுவென்று இறங்கி ஓடிவந்து ஜீவராணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பயந்துட்டீங்களா மிஸ்? பாவம், உங்களையும் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து கேக்க வச்சிட்டானுங்களே! நான் வுடுவேனா? செத்தாலும் உங்களத் தெரியும்னு சொல்லமாட்டேன். வூட்டுக்கார அம்மா பேரும் வாயில வரல. பதினோரு நாளு கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்." அவள் மூச்சு வாங்கினாள். "நான் சரியாத்தானேம்மா பேசினேன்?"

ஜீவராணிக்குச் சங்கிலி போட்ட கதவும், பேனையும், சரி அக்கா, ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொன்ன தன் குரலும்தான் நினைவுக்கு வந்தன. அம்மா எழுதிக் கெடுத்தாள், மகள் எழுதாமல் கெடுத்தாள். இதில் எதைச் சொல்லி இவளுக்கு விளங்கப்படுத்துவது?

"நாளான்னிக்கு அந்த வெள்ளைத் தாடிக்காரரு தனியா வருவாருல்ல? அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன்" என்றாள் சீனியம்மா. "இப்ப வந்தவருக்கும் தாடிதான். ஆனா காக்கியோட வந்தவன நம்பலாமா?"

அப்போது ஜீவராணியின் ஃபோன் அடித்தது. ராமையா.

"பதினாலு மிஸ்ட் கோல் இருக்குங்க மிஸ்! இப்பத்தான் லொறி முடிஞ்சுது. என்னங்க, வியாழக்கிழமை விசயமா? நீங்க யோசிக்காதீங்க. மேஸ்திரிகிட்ட லீவு சொல்லிட்டேன். நானே நின்னு பேசிக்கிறேன். சீனியம்மா பயந்தவ, அவள வுட்டா சரிவராது." பின்னால் சந்தைச் சத்தம், யாரோ ஐஸ் உடைக்கிற சத்தம். "ஹலோ? மிஸ்? கேக்குதுங்களா?"

"கேக்குது, ராமையா" என்றாள்.

அடுத்து அவள் என்ன சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். சீனியம்மா அவளை விட்டுவிட்டு மேலே போயிருந்தாள். ஒளித்து வைத்த செருப்புகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து, பழையபடி மரப்படிக்கட்டில் சோடி சோடியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.